கோப்பு உங்களுடையதாக இருக்கட்டும்

(இணையப் பக்கம் எழுத எந்த எடிட்டரைத் தேர்வது என்பது பற்றிக் குஜிலியம்பாறையில் மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இணையப் பக்கம் எழுதப் பழக நினைக்கிற பிள்ளை முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் போடணும்?" என்று. பெற்றோர் கேட்பது, "அதுக்கு எவ்வளவு ஆகும்?" என்று. பெற்றோரின் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஒரு பைசா ஆகாது. நல்ல எடிட்டர்கள் பல காசில்லாமல் கிடைக்கின்றன. யாராவது ஒரு மென்பொருளுக்கென்று தனியாகப் பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் கேள்விதான் பெரியது. காசில்லாமல் கிடைப்பவை பத்துப் பதினைந்து இருக்கும்போது எதை எடுப்பது? அதற்காகத்தான் இந்த மாலைப் பொழுதை உங்களிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடிட்டர் வரும், போகும். நீங்கள் எழுதிய கோப்பு உங்களிடம் நிற்க வேண்டும். எந்த எடிட்டரை விட்டு எப்போது வேண்டுமானாலும் வெளியேறி, அதே கோப்பை இன்னொன்றில் திறந்து வேலையைத் தொடர முடியுமோ, உங்கள் வீட்டில் இருக்கிற கணினியிலேயே எது ஓடுமோ, நம் தமிழை எது சிதைக்காமல் வைத்திருக்குமோ, அதுதான் உங்களுக்கான எடிட்டர். நிறம், அழகு, பெயர், புகழ் எல்லாம் அதற்குப் பிறகு.

இணையப் பக்கம் என்றால் பெரிய இயந்திரம் போலப் பலர் நினைக்கிறார்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு. இது தலைப்பு, இது பத்தி, இது படம், இது இணைப்பு என்று அடையாளக் குறிகள் போட்டு எழுதிய எழுத்து. அந்தக் குறிகளின் தொகுப்பைத்தான் எச்டிஎம்எல் என்கிறோம். ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் உருவாக்கிய முதல் பிரவுசர் எடிட்டராகவும் வேலை செய்தது. பக்கத்தைப் படிக்கிறவரே அதே இடத்தில் எழுதவும் முடியவேண்டும் என்று அவர் விரும்பினார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்த இணையத் தொழில்நுட்பத்தை உரிமைத் தொகை எதுவும் கேட்காமல் எல்லாருக்கும் பொதுவாக்கியது. பின்னால் வந்து பரவிய பிரவுசர்கள் படிப்பதற்கு மட்டும் என்றாகிவிட, எழுதுவதற்குத் தனிக் கருவி தேவைப்பட்டது. அந்தக் கருவியே எடிட்டர்.

வேர்டில் எழுதினால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. வேர்டு போன்ற மென்பொருள் எழுத்தோடு சேர்த்து எழுத்துரு, அளவு, ஓரம் என்று ஆயிரம் செய்திகளைக் கோப்புக்குள் புதைத்து வைக்கும். நேராக நிற்க வேண்டிய மேற்கோள் குறியைத் தானாகவே வளைத்துவிடும். வளைந்த மேற்கோள் குறி அச்சுப் புத்தகத்தில் அழகாக இருக்கும். எச்டிஎம்எல் குறிக்குள் வந்தால் பிரவுசருக்குப் புரியாது, படமோ இணைப்போ வேலை செய்யாமல் போகும். வேர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டிய பக்கம் ஏன் திறக்கவில்லை என்று மணிக்கணக்கில் தேடுகிற பிள்ளைகளுக்கு முதலில் பார்க்கச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். டிரீம்வீவர் போன்ற விலையுயர்ந்த மென்பொருளைத் திருட்டுப் பிரதியாக எடுத்துப் பழகும் வழக்கமும் நம் ஊர்ப்பக்கம் இருந்தது. இன்று அதற்குத் தேவையே இல்லை. திருட்டுப் பிரதியோடு வைரசும் கூடவே வரும்.

இனி, உங்கள் வீட்டில் இருக்கிற கணினிக்கு வருவோம். இதைப் பற்றிப் பேசாமல் எடிட்டர் பரிந்துரைப்பது ஊருக்குப் பொருந்தாத பேச்சு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினிகள் வந்தன. நம் வட்டாரத்தில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி நினைவகம் இருந்தது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் என்பது மத்திய அரசின் சிடாக் நிறுவனம் இந்திய மொழிகளை மனத்தில் வைத்து உருவாக்கிய இயங்குதளம். பெரும்பாலான பிள்ளைகள் அந்த லினக்ஸ் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததுதான் காரணம், பிள்ளைகள்மேல் குற்றமில்லை. இன்று அண்ணனிடமிருந்து தங்கைக்கு வந்திருக்கும் அந்த மடிக்கணினியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இணையப் பக்கம் எழுத அது போதும்.

ஆனால் அதில் எல்லா எடிட்டரும் ஓடாது. உலகத்தில் இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கோடு, சுருக்கமாக விஎஸ் கோடு. நிரலாளர்களுக்கான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் பதில் சொன்ன நிரலாளர்களில் ஏறத்தாழ 74 சதவீதம் பேர் அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். நல்ல எடிட்டர்தான். ஆனால் அது எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின்மேல் நிற்கிறது. எலக்ட்ரான் என்றால் ஒரு முழு குரோமியம் பிரவுசரே உள்ளே ஓடுகிறது என்று பொருள். எடிட்டர் ஒரு பிரவுசர், பக்கத்தைப் பார்க்க இன்னொரு பிரவுசர், இரண்டும் 2 ஜிபி நினைவகத்தில் நெருக்கிக்கொண்டு கிடந்தால் கணினி திணறும். பிள்ளை தனக்குத்தான் கோடிங் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அந்த நினைப்பு விழுந்துவிட்டால் எடுப்பது கடினம். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மேலும், 2022-க்குப் பிறகு வந்த விஎஸ் கோடு பதிப்புகள் விண்டோஸ் 7-இல் ஓடுவதில்லை. விண்டோஸ் 7-க்கே மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு பாதுகாப்பு ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய மடிக்கணினியில் லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸைப் போட்டுக்கொள்வதுதான் நல்ல வழி. பள்ளியில் கணினி ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால் ஒரே சனிக்கிழமையில் பத்துப் பிள்ளைகளின் கணினிக்குப் புத்துயிர் கொடுக்கலாம்.

அந்தக் கணினியில் போட வேண்டியது ஜீனி. 2005-லிருந்து வளர்ந்து வரும் சின்ன எடிட்டர். நிறம் பிரித்துக் காட்டும், திறந்த குறியை மூட நினைவூட்டும், பல கோப்புகளை ஒன்றாகத் திறக்கும். நினைவகத்தில் மிகக் கொஞ்சம்தான் எடுக்கும். விண்டோஸை விட மனமில்லையென்றால் நோட்பேட் பிளஸ் பிளஸ். டான் ஹோ என்பவர் 2003-இல் வெளியிட்டது; இன்றுவரை கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது; பட்டியல்களைத் தமிழிலேயே பார்க்கவும் முடியும். கொஞ்சம் புதிய கணினி, 8 ஜிபி நினைவகம் என்றால் விஎஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள், தடையில்லை.

கணினியே இல்லாத வீடு நிறைய. அப்பாவின் செல்போன் மட்டும் இருக்கும். ஆண்ட்ராய்டில் ஏகோடு என்ற கட்டற்ற எடிட்டர் இருக்கிறது. அதில் எச்டிஎம்எல் எழுதி அங்கேயே பக்கத்தைப் பார்க்கலாம். ஓடிஜி கம்பி ஒன்று வாங்கி, கடையில் கிடைக்கும் சாதாரண யூஎஸ்பி கீபோர்டைச் செல்போனில் செருகிவிட்டால் கட்டைவிரலால் தட்டும் தொல்லை போய்விடும். சின்னத் திரை கண்ணுக்குக் கடினம்தான். தொடங்குவதற்கு அது தடையாக இருக்க வேண்டாம்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். எடிட்டர் பற்றி ஆங்கிலத்தில் வரும் ஆயிரம் கட்டுரைகளில் இந்த ஒரு பகுதி இருக்காது. நாமேதான் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மணப்பாறைச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர் தரகர் பேச்சைக் கேட்டுக்கொண்டாலும், பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்க மாட்டார். எடிட்டருக்குப் பல் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன்.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். குஜிலியம்பாறை. கு, ஜி, லி, ய, ம், பா, றை என்று நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடு முறையில் கணினிக்குள் இது ஏழாக இருப்பதில்லை. ககரம் ஒன்று, அதன் உகரக் குறி ஒன்று. ஜகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. மகரம் ஒன்று, புள்ளி ஒன்று என்று எண்ணினால் மொத்தம் 13 குறியீடுகள் வரும். யூடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டு. ஆக ஊர்ப் பெயர் கோப்பில் 39 பைட்டு இடம் பிடிக்கிறது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் அங்கே ஒரே பைட்டுதான். ஆங்கிலத்தை மட்டும் எண்ணிச் செய்த எடிட்டரில் ஓர் எழுத்து என்றால் ஒரு குறியீடு, ஒரு கட்டம், ஒரு பைட்டு. நம் எழுத்து அந்தக் கணக்குக்குள் அடங்காது. பிசகுவது எல்லாம் இந்த இடத்தில்தான் பிசகுகிறது.

முதல் சோதனை, சேமிப்பு. எடிட்டரில் ஊர்ப் பெயரை எழுதி, சேமித்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள். பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறிகளாக நின்றால், கோப்பு பழைய ஆன்சி முறையில் சேமிக்கப்பட்டுவிட்டது. போன எழுத்து போனதுதான். எந்த மந்திரத்தாலும் மீட்க முடியாது. விண்டோஸில் கூடவே வரும் நோட்பேட் 2019 வரை ஆன்சியிலேயே சேமித்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் யூடிஎஃப்-8 இயல்பானது. ஆகவே எந்த எடிட்டரை நிறுவினாலும் முதல் வேலையாக அமைப்புகளுக்குப் போய், புதிய கோப்புகள் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட வேண்டும் என்று வைத்துவிடுங்கள். பிஓஎம் சேர்க்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்று பைட்டு கோப்பின் தலையில் உட்கார்ந்துகொண்டு, பின்னாளில் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதும்போது காரணம் தெரியாத பிழைகளைக் கொடுக்கும். பக்கத்துக்குள்ளும் இது யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் மெட்டா குறியை எழுத வேண்டும். அது கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும் என்பது எச்டிஎம்எல் விதி. தமிழில் நீளமான விளக்கக் குறிப்பை மேலே எழுதிவிட்டு மெட்டா குறியைக் கீழே தள்ளாதீர்கள். ஓர் எழுத்தே ஆறு பைட்டோ அதற்கு மேலோ எடுக்கக்கூடிய நம் மொழியில் 1024 சீக்கிரம் நிறைந்துவிடும்.

இரண்டாவது சோதனை, காட்சி. எடிட்டர்கள் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள எழுத்துருவைப் பயன்படுத்துகின்றன. நிரல் வரிகள் நேராக நிற்க அது தேவை. அந்த எழுத்துருக்களில் தமிழ் இருப்பது அரிது. எனவே தமிழ் வரும்போது எடிட்டர் வேறொரு எழுத்துருவைக் கடன் வாங்கும். விண்டோஸில் அது லதாவாகவோ நிர்மலாவாகவோ இருக்கும். கடன் வாங்கினாலும் எழுத்து ஒழுங்காகச் சேர வேண்டும். கருப்புத் திரை முனையத்துக்குள் ஓடும் எடிட்டர்களில் இது பெரிய தொல்லை. பல முனையங்களில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். விம், நானோ போன்றவை அருமையான எடிட்டர்கள். ஆனால் தமிழ் நிறைந்த பக்கத்தை எழுதத் தொடங்குகிற பிள்ளைக்கு நான் அவற்றைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, நகர்வு. சொல்லின் முன்னால் கர்சரை வைத்து வலது அம்புக்குறியைத் தட்டுங்கள். ஏழு தட்டில் குஜிலியம்பாறையைத் தாண்டிவிட்டால் எடிட்டருக்குத் தமிழ் எழுத்து தெரிகிறது. பதின்மூன்று தட்டு தேவைப்பட்டால் அது குறியீடுகளை மட்டும் எண்ணிக்கொண்டு போகிறது. எழுத்துக்கும் அதன் குறிக்கும் நடுவே கர்சர் நின்று, அங்கே நீங்கள் எதையாவது தட்டினால் எழுத்து உடையும். நகர்வு மட்டும் பிசகுகிற எடிட்டரைப் பழகிக்கொண்டு பயன்படுத்தலாம். சேமிப்போ காட்சியோ பிசகுகிற எடிட்டர் வேண்டவே வேண்டாம்.

நான்காவது, தேடுதல். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பக்கத்திலிருக்கும் கோவிலூரை எழுதுங்கள். கோ என்ற எழுத்தின் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம். ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பெரும்பாலான எடிட்டர்கள் தேடும்போது இரண்டையும் வேறு வேறு சொல் என்றே எடுத்துக்கொள்ளும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை மாற்றி எடுக்கும்போது இப்படி இரண்டு துண்டான கோவிலூர் வந்து சேர்வதுண்டு. ஸ்ரீ என்பதும் அப்படித்தான். ஸகரத்தை வைத்து எழுதியது ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்து எழுதியது இன்னொன்று. திண்டுக்கல் மாவட்டத்து ஊர்ப் பட்டியல் ஒன்றைப் பக்கமாக்கி, அதில் ஸ்ரீராமபுரத்தைத் தேடிப் பாதிதான் கிடைக்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். எடிட்டரைக் குறை சொல்வதற்கில்லை. கோப்பு முழுவதையும் ஒரே முறைக்கு மாற்றிவிட்டுப் பிறகு தேட வேண்டும். பல கோப்புகளில் ஒரே சமயம் தேடி மாற்றும் வசதி எடிட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜீனியிலும் நோட்பேட் பிளஸ் பிளஸிலும் விஎஸ் கோடிலும் பல கோப்புகளுக்குள் தேட முடியும்.

இந்த எழுத்துத் தொல்லைகளைக் கேட்டு மனம் தளர வேண்டாம். இதைவிடக் கடினமான காலத்தைத் தமிழர்கள் தாண்டி வந்திருக்கிறார்கள். 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றியபோது, பார்க்கிறவர் கணினியிலும் அதே எழுத்துரு இருந்தால்தான் தமிழ் தெரியும். ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடித் தாம், தாப் என்று குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் முடிவு செய்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இதற்கிடையே 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் இருந்த தமிழர்கள் ஊதியமில்லாமல் சங்க இலக்கியத்திலிருந்து பாரதி வரை தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அன்று அவர்கள் பயன்படுத்திய மென்பொருள் பலவற்றை இன்று எந்தக் கணினியிலும் ஓட்ட முடியாது. அவர்கள் சேமித்தது எழுத்துக் கோப்பு என்பதால், பிறகு அதை யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. இன்று உங்கள் செல்போனில் அதைப் படிக்கிறீர்கள். கோப்பு நிற்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்குத் தமிழில் இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, எடிட்டர் யாருடையது என்ற கேள்வி. காசு கேட்காததெல்லாம் ஒரே வகை என்று எண்ணிவிடக் கூடாது. கிட்ஹப் நிறுவனம் 2014-இல் ஆட்டம் என்ற எடிட்டரை வெளியிட்டது. அழகானது, பிள்ளைகளுக்குப் பிடித்தது.  எலக்ட்ரான் அடித்தளமே ஆட்டமுக்காகச் செய்ததுதான். 2018-இல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. மைக்ரோசாஃப்டிடம் ஏற்கனவே விஎஸ் கோடு இருந்தது. 2022 டிசம்பர் 15 அன்று ஆட்டமுக்கு மூடுவிழா. அடோபி நிறுவனம் இணையப் பக்கத்துக்கென்றே செய்த பிராக்கெட்ஸும் 2021 செப்டம்பர் 1-ஆம் தேதியோடு கைவிடப்பட்டது. இரண்டு பெரிய நிறுவனங்கள், இரண்டு நல்ல எடிட்டர்கள். கணக்குப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு அது வியாபார முடிவு.

ஆனால் இரண்டும் முழுதாகச் சாகவில்லை. அவற்றின் மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் வெளியாகியிருந்ததால், விரும்பியவர்கள் எடுத்து ஆட்டமைப் பல்சர் என்றும், பிராக்கெட்ஸை ஃபீனிக்ஸ் என்றும் வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இலவசமாக மட்டும் கொடுத்து நிரலை மூடி வைத்திருந்தால் இது நடந்திருக்காது. விம் எடிட்டரை 1991-இல் வெளியிட்டு முப்பது ஆண்டுக்கு மேல் பேணி வந்தவர் பிராம் மூலெனார். விம்மை விரும்புகிறவர்கள் உகாண்டாவில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவுங்கள் என்பது மட்டுமே அவர் கேட்டது. 2023 ஆகஸ்ட் 3 அன்று அவர் காலமானார். மறுவாரமே மற்ற பங்களிப்பாளர்கள் பொறுப்பை ஏற்று வேலையைத் தொடர்ந்தார்கள். ஒரு மனிதர் போன பிறகும் கருவி நிற்கிறது என்றால் அந்த உரிமத்தின் பலம் அது. விம்மைத் தமிழ்ப் பக்கத்துக்கு நான் பரிந்துரைக்காவிட்டாலும் அந்த மனிதருக்கு என் வணக்கம் என்றும் உண்டு.

நிரலைத் திறந்து வைப்பதற்கும் மூடி வைப்பதற்கும் நடுவே நிற்கிறது விஎஸ் கோடு. அதன் மூலநிரல் 2015 நவம்பர் முதல் எம்ஐடி என்ற கட்டற்ற உரிமத்தில் திறந்தே கிடக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நீங்கள் இறக்கிக்கொள்வது அந்நிறுவனத்தின் தனி உரிமத்தோடு வருகிறது. நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்ற தகவலை நிறுவனத்துக்கு அனுப்பும் பகுதியும் அதில் உண்டு. அமைப்புகளில் அதை அணைக்கலாம். அந்தப் பகுதி இல்லாமல் அதே மூலநிரலிலிருந்து தொகுத்துத் தருவது விஎஸ்கோடியம். பார்வைக்கும் பழக்கத்துக்கும் இரண்டும் ஒன்றே. கூடுதல் கருவிகளை எடுக்கும் கடை மட்டும் வேறு; விஎஸ்கோடியம் ஓபன் விஎஸ்எக்ஸ் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. பள்ளி ஆய்வகத்தில் நிறுவுகிற ஆசிரியர்கள் விஎஸ்கோடியத்தைப் போடுங்கள் என்பது என் வேண்டுகோள். பிள்ளைகளின் கணினியிலிருந்து எந்தத் தகவல் வெளியே போகிறது என்று கேட்பது ஆசிரியரின் கடமை.

விஎஸ் கோடோ விஎஸ்கோடியமோ போட்டவர்களுக்கு ஒரு சின்ன வேலை வைக்கிறேன். வெற்று எச்டிஎம்எல் கோப்பில் ஆச்சரியக்குறி போட்டு டேப் விசையை அழுத்தினால் எம்மெட் என்ற வசதி எச்டிஎம்எல் பக்கத்தின் எலும்புக்கூட்டை முழுதாக எழுதிக்கொடுக்கும். அருமையான வசதி. அந்தக் கூட்டின் இரண்டாவது வரியில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று எழுதியிருக்கும். தமிழ்ப் பக்கங்கள் எத்தனையோ அப்படியே ஆங்கிலம் என்று அறிவித்துக்கொண்டு இணையத்தில் நிற்கின்றன. கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருள் அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் படிப்பது என்று முடிவு செய்கிறது. ஆங்கிலம் என்று சொல்லிவிட்டால், அது தமிழை ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்த்துத் தடுமாறும். அந்த இடத்தில் ஆங்கிலத்துக்குரிய இரண்டு எழுத்தை எடுத்துவிட்டுத் தமிழுக்குரிய டி, ஏ என்ற இரண்டு எழுத்தை வையுங்கள். எம்மெட் அமைப்பில் ஒருமுறை மாற்றிவிட்டால் பிறகு எப்போதும் தமிழ் என்றே வரும். இரண்டு எழுத்துதான்; பார்வையற்ற ஒருவருக்கு உங்கள் பக்கத்தின் கதவு அதில் திறக்கிறது.

நிரலைத் தானே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வசதிகள் இப்போது எடிட்டருக்குள்ளேயே வருகின்றன. வேலைக்குப் போன பிறகு அது தேவைப்படும். கற்கிற காலத்தில் அணைத்து வையுங்கள். பிழை வந்து, எங்கே மூடாமல் விட்டோம் என்று தேடி, தானே கண்டுபிடிக்கிற பிள்ளைக்குத்தான் எச்டிஎம்எல் கைவரும். எடிட்டர் நிறம் மாற்றிக் காட்டுவதே அதற்குப் போதுமான உதவி.

கற்பதற்கு ஆங்கிலம் தடையாக இருக்கிறது என்று சொல்வோருக்கு: 2012-இல் த. ஸ்ரீனிவாசன் தொடங்கிய கணியம் இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. அங்கே து. நித்யா எழுதிய எளிய தமிழில் எச்டிஎம்எல் நூலை யாரும் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம், நண்பருக்கு அனுப்பலாம். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுத்து வேலைக்கும் ஆளாக்கியிருக்கிறது. காஞ்சிபுரத்திலும் அப்படி ஒரு குழு இருக்கிறது. அவர்கள் கூட்டங்களில் தமிழில் கேட்கலாம், தமிழில் பேசலாம். விழுப்புரத்தில் முடிந்தது திண்டுக்கல் மாவட்டத்தில் முடியாதா? வேடசந்தூர், எரியோடு, குஜிலியம்பாறைப் பிள்ளைகள் பத்துப் பேர் மாதம் ஒருமுறை கூடினால் அதுவே குழு. கரூரில் துணி ஏற்றுமதி செய்கிறவர்களுக்கும், திண்டுக்கல்லில் பூட்டுச் செய்கிறவர்களுக்கும் இணையப் பக்கம் வேண்டியிருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல பக்கத்தை ஏன் நம் பிள்ளை ஒருத்தி எழுதக் கூடாது?

யாருக்கு எது என்று கேட்டு எழுதிக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக ஒருமுறை வேகமாகச் சொல்கிறேன். பழைய மடிக்கணினி, லினக்ஸ் என்றால் ஜீனி. அதே கணினியில் விண்டோஸ் என்றால் நோட்பேட் பிளஸ் பிளஸ். நடுத்தரக் கணினி, பக்கத்தில் தமிழ் அதிகம் என்றால் கேடிஈ குழுவினரின் கேட் எடிட்டரையும் போட்டுப் பாருங்கள். தமிழ் உரையைக் கையாள்வதில் எனக்கு அதன்மேல் நம்பிக்கை அதிகம். புதிய கணினி என்றால் விஎஸ்கோடியம். செல்போன் மட்டும் என்றால் ஏகோடு. எதைப் போட்டாலும் குஜிலியம்பாறை, கோவிலூர், ஸ்ரீராமபுரம் என்று மூன்று ஊரையும் எழுதி நான்கு சோதனையும் செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டு எடிட்டரை ஒரே கணினியில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. வாரத்துக்கு ஒருநாள் வேண்டுமென்றே மற்றதில் திறந்து எழுதிப் பாருங்கள். எதற்கும் அடிமையாகிவிடவில்லை என்பது தெரிந்துகொண்டே இருக்கும்.

தட்டச்சுக்குத் தமிழ்99 பழகுங்கள். குறிகளுக்கு ஆங்கிலம், உரைக்குத் தமிழ் என்று மாறி மாறித் தட்ட வேண்டியிருப்பதால், மொழி மாற்றும் விசையை விரல் கேட்காமலே அழுத்துகிற அளவுக்குப் பழக வேண்டும். அதற்குச் சில வாரம் பிடிக்கும். நீங்கள் எழுதும் கோப்புகளை ஒரே கோப்புறைக்குள் வைத்து, வாரம் ஒருமுறை பென்டிரைவில் ஒரு படி எடுத்துவிடுங்கள்.

மடிக்கணினி கொண்டுவந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். பென்டிரைவில் ஜீனியும் நோட்பேட் பிளஸ் பிளஸும் வைத்திருக்கிறேன், இங்கேயே நிறுவிக்கொள்ளலாம். நிறுவுகிற நேரத்தில் உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.